பேப்பரில் வந்த அக்கா

போன மாதம் இங்கிலீஷ் பேப்பரின் ஞாயிறு இணைப்பில் நம் பாடகியின் பேட்டி வந்ததிலிருந்து ரசிகர் குழுவில் எனக்கு வாழ்த்து வந்தபடி இருக்கிறது. இன்று காலையும் ஒருவர் பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தார். அது நான் இல்லை என்று அன்றைக்கே எழுதினேன். அடக்கம் என்றீர்கள். மறுபடி எழுதினேன். ரொம்ப அடக்கம் என்றீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பாட்டைக் கண்டுபிடித்துச் சேர்ந்த பிள்ளைகளுக்காக அல்ல, அந்தக் கேசட்டைப் பென்சிலில் சுற்றிக் கேட்ட நம் வயதுக்காரர்களுக்காக.

நமக்குத் தெரியும், அவர் மொத்தமே ஒரு கேசட்தான் போட்டார். தமிழில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக் கத்திப் பாடிய பெண் அப்போது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, எங்காவது ஒரு கட்டுரையில் ஓரமாக அவர் பெயர் வந்தால்கூட நாம் வட்டம் போட்டு அனுப்புகிறோம். எழுத்துப் பிழையோடு வந்தாலும் அனுப்புகிறோம். அப்படி இருக்கும்போது அவரே வாய் திறந்து, மறக்க முடியாத மேடை எது என்ற கேள்விக்குச் சென்னையையும் பெங்களூரையும் விட்டுவிட்டுத் திருப்பூர் என்று சொன்னால் நம் கூட்டம் சும்மா இருக்குமா? ஒரு கல்யாண வரவேற்பு, பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது, இருட்டில் ஒரு சின்னப் பெண் அந்தப் பாட்டை எடுத்துப் பாடினாள், அந்தக் குரலைத் தேடிக்கொண்டே இறங்கிப் போனேன் என்று சொல்லியிருந்தார். குழுவில் பழைய கேசட் வைத்திருக்கும் திருப்பூர்க்காரி நான் ஒருத்திதான். நீங்கள் கணக்குப் போட்டுவிட்டீர்கள்.

அந்தப் பெண் என் பெரியப்பா மகள். நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்.

பெரியப்பாவுக்குத் தாராபுரம் பக்கம் குண்டடத்தில் தோட்டம். அப்பா தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு திருப்பூர் நல்லூருக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுப் பனியன் கம்பெனி ஆரம்பித்தவர். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய ஏற்றுமதிக்காரர் ஒருவருக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். ஷெட்டுக்குள் போனால் சாயத்தின் புளித்த வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் ஒன்றாக வரும். இஸ்திரி மேஜையிலிருந்து ஆவி கிளம்பி முகத்தில் அடிக்கும். சாயங்காலம் டெய்லர்கள் எழுந்து போகும்போது எல்லோர் இமையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், ஒரே நாளில் நரைத்துவிட்ட மாதிரி.

அக்கா பத்தாவது. டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்று பெரியப்பா அவளை எங்கள் வீட்டில் விட்டிருந்தார். நான் ஏழாவது. நான் சொல்வது அந்த வருஷத்துக் கார்த்திகையிலிருந்து தை வரைக்குமான கதை.

பெங்களூரிலிருந்து துணியைச் சரிபார்க்க ஒரு பெண் வருவார். க்யூசி மேடம் என்போம். பேன்ட் போட்டிருப்பார். பீஸை மேஜையில் விரித்து டேப் வைத்து அளக்கும்போது காதில் வாக்மேன் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அவர் எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஒரு நாள் அதைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார்.

பாடுவது ஆணா பெண்ணா என்றே முதலில் தெரியவில்லை. தொண்டை கட்டினவர் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. கேசட் அட்டையைக் காட்டினார். ஒட்ட வெட்டின தலை, ஆண்பிள்ளைச் சட்டை, காலரைத் தூக்கிவிட்டிருந்த கழுத்து.

"பையனுங்களா?" என்று கேட்டேன்.

மேடம் சிரித்தார். "பொண்ணுதான். எங்க காலேஜ் பக்கத்துலதான் வீடு. உனக்குப் புடிச்சிருந்தா நீயே வெச்சுக்கோ, நான் வேற வாங்கிக்கிறேன்."

திருப்பூரில் அந்தக் கேசட்டை முதலில் வைத்திருந்தவள் நான். அதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேனோ என்றுகூடத் தோன்றுகிறது. கொஞ்ச நாள் யாருக்கும் காட்டவில்லை. அப்பாவின் டேப் ரிக்கார்டரைத் தண்ணித் தொட்டிப் பக்கம் கொண்டுபோய், சத்தத்தைக் குறைத்து, காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துக் கேட்பேன். 'கேட்டு போட்டாச்சு, ரயிலக் காணோம், நான் நிக்கட்டுமா, குனிஞ்சு போகட்டுமா' என்று அவர் கத்தும்போது எனக்கு உள்ளங்கை வியர்க்கும். எங்களூரில் கேட் போட்டால் சைக்கிள்காரர்கள் எல்லாரும் குனிந்துதான் போவார்கள். ஆனால் பெண்பிள்ளைகள் நிற்க வேண்டும். அது ஒரு பாட்டாக முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் தலைக்குக் குளித்துவிட்டு வெயிலில் முடி காயவைத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை முடியைக் கோதிக்கொண்டே கேட்டாள். "இன்னொருக்கா போடு புள்ள" என்றாள். மூன்றாவது தடவை கூடவே பாடினாள்.

நன்றாகப் பாடினாள். எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். ஆனால் என் குரலில் அது பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மாதிரி இருக்கும். அவள் குரல் எங்கிருந்தோ அடியிலிருந்து வந்தது. அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். டேப்பை நிறுத்தி, கேசட்டை உருவி, அதன் டப்பாவில் போட்டு மூடினேன்.

மூடி என்ன செய்வது. அடுத்த வாரத்துக்குள் அது ஷெட்டுக்குள் போய்விட்டது. டெய்லர்கள் சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள். அக்கா இந்தக் கேசட்டைப் போட்டதும் ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். ஆனால் அவள் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே கூடப் பாடினால் ஷெட்டே கேட்கும். திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர் ஒருவர் இருந்தார். தெக்கத்தி அண்ணன் என்போம்.

"ஏ பிள்ள, அந்த டேப்ப அணச்சிட்டு நீயே பாடு. நீ பாடுனா கை தன்னால ஓடுது" என்றார்.

நான் எழுந்து போய் டேப்பின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

பனியனில் படம் அடிக்கிற பிரிண்டிங் அண்ணனும் அவள் பக்கம் போய்விட்டார். கேசட் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, ஸ்க்ரீன் எடுத்து, ரிஜெக்ட் ஆன ஒரு வெள்ளை டீசர்ட்டில் கறுப்பு மையில் அடித்துக் கொடுத்தார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஆனால் அந்த முகம் அப்படியே வந்திருந்தது. இன்றைக்கு நம் குழுவில் அந்தப் படம் போட்ட டீசர்ட்டை ஆன்லைனில் வாங்கிப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் செல்ஃபி அனுப்புகிறார்கள். உலகத்தில் முதல் டீசர்ட் நல்லூரில் எங்கள் ஷெட்டில் அடித்தது. என் கேசட்டைப் பார்த்து அடித்தது.

"எனக்கு ஒண்ணு அடிங்கண்ணா" என்றேன்.

"ஸ்க்ரீனைக் கழுவிப் போட்டனே கண்ணு. உன்ற சைஸுக்கு இது தொளதொளன்னு இருக்கும். அக்கா போட்டாத்தான் எடுப்பா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். எடுப்பாகத்தான் இருந்தது.

அப்பா யாருக்குத் தைத்துக் கொடுத்தாரோ அந்த ஏற்றுமதிக்காரரின் மகனுக்கு மார்கழி பிறக்கும் முன்பே கல்யாணம். மகன் பெங்களூரில் படித்தவன். வரவேற்புக்கு வழக்கமான மெல்லிசைக் குழு வேண்டாம், நான் சொல்கிறவர்தான் பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறான். பத்திரிகையோடு இருந்த இன்னொரு அட்டையில் பாடகியின் பெயரைப் பார்த்ததும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. நான் கையை உருவிக்கொள்ளவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவர் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தார்.

கிளம்பும்போதே அப்பா சொல்லிவிட்டார்: "முன்னால போயி உக்காராதீங்க. அங்கெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க வருவாங்க." நாங்கள் நடுவில் உட்கார்ந்தோம். மண்டபம் முழுக்கப் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவும். மரக்குச்சி வைத்த ஐஸ்கிரீம் கப்பைக் கொடுத்துக்கொண்டே போனார்கள். அக்கா சுடிதாருக்குள் அந்த டீசர்ட்டைப் போட்டிருந்தாள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாடகி நாங்கள் நினைத்ததைவிடக் குள்ளம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிட்டாரைத் தூக்கி மாட்டினார். முதல் பாட்டு முடிந்தபோது கை தட்டியவர்கள் மணமகனின் சினேகிதர்கள் மட்டும்தான். இரண்டாவது பாட்டில் ஒருவர் சினிமாப் பாட்டுப் பாடச் சொல்லிச் சீட்டு அனுப்பினார். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர், "காது அடைக்குதுங்க, சோத்துக்குப் போலாம் வாங்க" என்று குடும்பத்தோடு எழுந்துபோனார். மூன்றாவதாக அவர் கேட் பாட்டை எடுத்தார். பாதியில் கரண்ட் போனது.

குழந்தைகள் கத்தின. யாரோ சிரித்தார்கள். மேடையில் அவர் மைக் இல்லாமல் ஒரு வரி பாடிப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் அது எடுபடவில்லை. நிறுத்திவிட்டார். ஜெனரேட்டரைப் போடச் சொல்லி யாரையோ அதட்டுகிற சத்தம் வெளியே கேட்டது.

அப்போது என் பக்கத்திலிருந்து அக்கா பாடினாள். எழுந்துகூட நிற்கவில்லை. உட்கார்ந்தபடி, மடியில் கையை வைத்துக்கொண்டு, அவர் விட்ட இடத்திலிருந்து.

எனக்கும் அந்த வரி தெரியும். நானும் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பயமா, வெட்கமா, இல்லை அவள் அவ்வளவு நன்றாகப் பாடியதா, தெரியவில்லை. மண்டபம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மேடையிலிருந்து ஒருவர் நாற்காலி முதுகுகளைத் தடவிக்கொண்டு வருவது தெரிந்தது. சிகரெட்டும் சந்தனமும் கலந்த வாசனை. எனக்கு முன்னால் வந்து நின்று அவர் குனிந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்றார்.

பாடகி என்னிடம் பேசியது அது ஒன்றுதான். நான் தள்ளிக்கொண்டேன். அவர் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் நின்று அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மிச்சப் பாட்டைப் பாடினார். இரண்டு குரலும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாத மாதிரி இருந்தது. வீடியோக்காரர் பேட்டரி விளக்கைப் போட்டார். கேமரா பளிச்சென்றது. ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது மண்டபமே கை தட்டியது, சோற்றுக்குப் போனவர்கள்கூடக் கையைக் கழுவாமல் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் அக்காவின் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு மேடைக்குப் போனார்.

பேப்பரில் வந்துவிட்டது. உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில், ஏற்றுமதிக்காரர் வீட்டுக் கல்யாணச் செய்திக்குக் கீழே படம். அவர் கை அக்காவின் தோளில். அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். கீழே 'பாடகருடன் ரசிகை' என்று போட்டிருந்தது. பாடகி என்று போட்டிருக்க வேண்டும். அச்சில் இரண்டு எழுத்து மாறியிருந்தது. அந்தக் காலத்துப் பேப்பர் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மை இழுத்து, புள்ளி புள்ளியாக. ஒட்ட வெட்டின தலையும் சட்டையும்தான் தெரிந்தன.

அப்பாவுக்குப் பெருமை. பேப்பரை ஷெட்டுக்குள் எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார். தெக்கத்தி அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். நான் வீட்டுக்குள் இன்னொரு பிரதியை விரித்து வைத்துக்கொண்டு என்னைத் தேடினேன். படத்தின் ஓரத்தில் ஒரு ரிப்பன் நுனி தெரிந்தது. என்னுடையதாக இருக்கலாம். வேறு யாருடையதாகவும் இருக்கலாம். அன்றைக்கு அந்த மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளும் ரிப்பன்தான் கட்டியிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் பெரியப்பா வந்தார். தோளில் துண்டு, துண்டுக்குள் மடித்த பேப்பர். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்ணா, சொல்லியுட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பனே" என்றார் அப்பா.

"புள்ளையக் கூட்டிட்டுப் போலாமுன்னு வந்தேன்."

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. பெரியப்பா பேப்பரை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"அது பொம்பளைப் பாடகிங்ணா. அச்சுல தப்பாப் போட்டுட்டாங்க" என்றார் அப்பா.

நானும் முன்னால் போய் நின்றேன். "ஆமாங்க பெரியப்பா, பொம்பளைதானுங்க. நான் பக்கத்துல இருந்தேனுங்க." ஓடிப்போய்க் கேசட்டைக் கொண்டுவந்து அட்டையைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுலயும் பையனாட்டத்தான் இருக்குது" என்றார். பிறகு என் தலையில் கை வைத்தார். "சரி அம்மிணி, பொம்பளைன்னே வெச்சுக்குவோம். அங்க டீக்கடையில ஒருத்தன் சத்தமாப் படிச்சுக் காட்டறான். நான் டம்ளரைக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். அங்க இருந்தவங்க அத்தன பேருகிட்டயும் நீ வந்து சொல்லுவியா?"

நான் கேசட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"பரீட்சையாவது எழுதிட்டுப் போகட்டுமுங்க" என்றாள் அம்மா, சமையல்கட்டு வாசலில் நின்றபடி.

"எழுதி?" என்றார் பெரியப்பா.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. துணிகளை ஒயர் கூடையில் அடுக்கினாள். புத்தகங்களைத் தொடவில்லை. கேசட்டைக் கேட்பாள், தர மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் தயாராக நின்றேன். அவள் கேட்கவேயில்லை. என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "வரட்டுமா புள்ள" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா பின்னால் போனாள். தாராபுரம் பஸ் போகிற வரைக்கும் நான் ரோட்டில் நின்றிருந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. பொறாமை இன்னும் அதிகமாயிற்று. பாட்டுக்காகப் பள்ளிக்கூடத்தை இழந்தவள் அவள். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கேசட் என்னுடையது, அவளுக்குப் பழக்கிவிட்டது நான், ஆனால் தண்டனைகூட எனக்கு வரவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே கேட் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தேன். அப்பா ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்க கண்ணு, போன் பேசோணும்" என்றார். அவ்வளவுதான். அக்கா போன ஏக்கத்தில் நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டு பொங்கலுக்குப் பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தாள். கத்தரிப்பூ நிறம். அதை உடுத்திக்கொண்டு பொங்கல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

அந்த டீசர்ட்டை அக்கா விட்டுப் போயிருந்தாள். அம்மாவுக்கு அதை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயம். ஒரு நாள் ஷெட்டில் தெக்கத்தி அண்ணன் ஓவர்லாக் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த வேஸ்ட் துணியில் பாதி முகம். ஒரு கண்ணும் தூக்கிவிட்ட காலரும். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். துணியைத் திருப்பி, படம் இல்லாத பக்கமாக வைத்துத் துடைத்தார்.

பெரியப்பாவை அப்போது கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தேன். இப்போது அன்றைய அவரைவிட எனக்கு வயது அதிகம். டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தவரை இப்போது நினைத்துப் பார்க்க முடிகிறது. அவருக்கு இருந்தது கோபம் இல்லை, பயம். அது தெரிந்ததால் அவர் செய்தது சரியாகிவிடாது. அவள் பத்தாவது பரீட்சையை எழுதவேயில்லை. சில வருஷம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்திலேயே கட்டிக் கொடுத்தார்கள். பாடகியும் அதற்குள் பாடுவதை விட்டுவிட்டார்.

நான் படித்தேன். அப்பாவின் கம்பெனியை இப்போது நானும் வீட்டுக்காரருமாகப் பார்த்துக்கொள்கிறோம். அக்காவைக் கல்யாணம் காதுகுத்துகளில் பார்ப்பேன். மழையையும் போர்வெல் தண்ணீரையும் பற்றிப் பேசுவோம். அந்தக் கார்த்திகையைப் பற்றி அவள் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. எடுத்தால் அது முழுக்க அவளுடையதாகிவிடும் என்று எனக்குள் ஒரு எண்ணம். குழுவில் சேர்ந்ததைக்கூட அவளிடம் சொல்லவில்லை.

பேட்டி வந்த பிறகு நம் குழுவை நடத்துகிற தம்பிக்குத் தனியாகப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பாடகிக்குத் தகவல் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் ஒரு தடவை பேச வேண்டும் என்று பாடகி சொன்னாராம். போன ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு குண்டடத்துக்குப் போனேன்.

அக்கா களத்தில் தேங்காய்ப் பருப்பைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். மருமகள் மோர் கொண்டுவந்தாள். நான் பேட்டியைத் தமிழில் படித்துச் சொன்னேன். அக்கா ஒரு தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நம்மளயெல்லாம் நெனப்பு வெச்சிருக்காங்களாட்ட இருக்குது" என்றாள். நம்மளை என்றாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உன்ற கூடப் பேசோணுமாம்."

"எதுக்குங் கண்ணு? நீதான் இன்னமும் அந்தப் பாட்டெல்லாங் கேக்கற. நீயே அந்தப் புள்ளை நான்தான்னு பேசீரு. அவுங்களுக்கு என்ன தெரியப் போகுது, இருட்டுதான."

நான் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டதை அவள் மோர் டம்ளரை நகர்த்துகிற மாதிரி என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பேசுக்கா" என்று சொல்லி நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

அந்தக் குரல் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

"நீங்கதானா அது?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நாந்தானுங்க. நீங்க நல்லா இருக்கறீங்களா? சாப்டீங்களா?"

அவர் சிரித்தார். அந்த இருட்டைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ மேடையில் பாடும்போது அந்தக் குரல் எங்கிருந்தாவது வராதா என்று காத்திருந்ததாகச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றுக்கும் "அப்படீங்களா" என்றாள். பிறகு அவர் கேட்டார்: "அந்த போட்டோ பேப்பர்ல வந்துச்சுன்னு பின்னாடி சொன்னாங்க. உங்க வீட்ல ஏதாவது ப்ராப்ளம் ஆச்சா? எனக்கு அது ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஆகலீங்க. எல்லாருக்கும் ஒரே சந்தோசமுங்க. எங்கப்பா அந்தப் பேப்பரை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சாருங்க. ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை சனத்துக்கெல்லாம் காட்டுவாருங்க, என்ற புள்ளைன்னு."

அந்தப் பக்கத்திலிருந்து பாடகி, "தேங்க்ஸ்மா" என்றார். குரல் உடைந்திருந்தது.

போனை வாங்கி வைத்துவிட்டு, "எதுக்கக்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"பாவம், அவுங்களே பாடறத உட்டுட்டு இருக்கறாங்க. இதையும் எதுக்குத் தூக்கிச் செமக்கோணும்" என்றாள். எழுந்து பருப்பைக் கிளறினாள். முதுகு என் பக்கம் இருந்தது. "பொறவு, ஒருக்காவாச்சும் எங்கப்பன் அப்படி மாட்டி வெச்சாருன்னு வாய்விட்டுச் சொல்லிப் பாக்கலாம்னு இருந்துச்சு."

ஆகவே இது நமக்குள் இருக்கட்டும். நீங்கள் யாரும் இதைப் பாடகியிடம் கொண்டுபோக வேண்டாம். அவரைப் பற்றிய எல்லாச் செய்தியையும் பரப்புகிறோம், இது ஒன்று நிற்கட்டும்.

திரும்பி வரும்போது பல்லடம் வரைக்கும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. பெரியப்பா வீட்டு முன்னறை எனக்கு நன்றாகத் தெரியும். நிலைப்படிக்கு மேலே சாமி படங்கள், பக்கத்தில் உரக்கடை காலண்டர், அதற்குப் பக்கத்தில் வெறும் சுவர். அங்கேதான் மாட்டியிருப்பார். உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி, ஆணியைத் தானே அடித்து, கோணலாக இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்து. என் அப்பா என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை, கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் யாரும் மாட்டாத அந்தக் கண்ணாடிப் படத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.